ஓவேலி எக்ஸ்பிரஸ்

ஓவேலிக்கு ரயில் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பைப் பார்த்து யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் அந்தப் பாவம் என்னைச் சேரும். கூடலூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். வழியில் யானை நின்றால், அது கிளம்புகிறவரை நாமும் நிற்க வேண்டும். ஹாரன் அடிக்கிற டிரைவரை இதுவரை நான் பார்த்ததில்லை.

1840-களில் இங்கே காபி போட்ட வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர் ஆக்டர்லோனி. அதை இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்து 'ஓ'. 'வேலி' என்றால் அவர்கள் பாஷையில் பள்ளத்தாக்கு. அவ்வளவு நீளப் பெயரை தினமும் யார் சொல்வது? 'ஓ' மட்டும் மிஞ்சியது. மீதியை நம் ஜனங்கள் மென்று முழுங்கிவிட்டார்கள்.

இந்த ஊரில்தான் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் என் அத்தான், ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜினைச் சின்னதாகச் செய்துகொண்டிருக்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோ மீட்டர் போகிற ரயில் அது. கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் வைத்த தண்டவாளம். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த இன்ஜின் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு ஏறும். 12 அடி போனால் ஓரடி ஏற்றம்! அத்தானின் இன்ஜினுக்குத் தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். நிஜத்தில் 22-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊருக்கு ரயில் வராது மாப்ளே. இன்ஜினுக்காவது ஊர்ப் பேரை வெச்சுடலாம்" என்றார். கோயமுத்தூரில் வாசல் போர்டு செய்கிற கடையில் பித்தளைத் தகட்டை ஆசிட்டில் அரித்து, 'ஓவேலி' என்று எழுத்து மேலே எழும்பி நிற்கும்படி நான் வாங்கி வந்திருந்தேன். நாலு சென்டிமீட்டர் நீளம். இனி சிவப்பு பெயின்ட் அடித்து, எழுத்தை மட்டும் பளபளக்க விட வேண்டியதுதான் பாக்கி. பத்து நிமிஷ வேலை என்று நினைத்தோம். நான் பி.காம்., அத்தானும் பி.காம். கணக்கு எங்களுக்கு எப்போதுமே இப்படித்தான்.

ஓவேலி மழையில் பெயின்ட் காயவில்லை. இரண்டாம் நாளும் விரலில் ஒட்டியது. அத்தானுக்கு ஒரு யோசனை: ஃபாக்டரியில் தேயிலை காய்ச்சும் டிரையர் பக்கத்தில் வைத்தால் என்ன? வைத்தோம். காய்ந்தது. ஆனால் காற்றில் பறந்த தேயிலைத் தூளும் பஞ்சும் ஒட்டி, 'ஓவேலி' கம்பளிப் பூச்சி மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனார் அத்தான். எஸ்டேட் போர்டு, லாரி நம்பர் எல்லாம் எழுதியவர். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். 1974-ல், பதினேழு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறினாராம்.

தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பத்தியா தம்பி, 'ஓ'வோட சுழிக்குள்ள பெயின்ட் கட்டி நிக்குது" என்றார். தின்னரில் ஊறப்போட்டு எல்லாவற்றையும் கழற்றினார். சோப்பு போட்டுக் கழுவி, அப்புறம் ஓரத்தை மட்டுமே பிடித்தார். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காதாம். முதலில் மெல்லிசாக ப்ரைமர். அது காய்ந்ததும் தண்ணி மாதிரிக் கரைத்த சிவப்பு, இரண்டு தடவை. எழுத்து, பள்ளம் என்று பார்க்காமல் மொத்தமாக அடித்துவிட்டார்.

காய வைக்க? அவர் வீட்டில் கரன்ட் இல்லை. தகட்டை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடி, அடுப்பின் சூட்டுச் சாம்பல் மேல் வைத்தார். மறுநாள் காலை எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது!

பிறகுதான் அந்த வேலையைப் பார்த்தேன். மட்டமான மரக்கட்டையில் ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தொட்டு, ஒரே திசையில் தேய்த்தார். எழுத்தின் தலை மட்டும் மஞ்சளாக விழித்துக்கொண்டது. பள்ளத்துச் சிவப்பு அப்படியே. விரலால் தேய்த்தால் சதை பள்ளத்துக்குள் இறங்கிச் சிவப்பையும் எடுத்துவிடுமாம். பாலிஷ் போடக் கூடாது, இடுக்கில் வெள்ளையாகத் தங்கிவிடும். உடனே வார்னிஷ் அடித்தார். இல்லாவிட்டால் இந்த ஈரக் காற்றில் பித்தளை கறுத்துவிடும். ஒட்டுவதற்கு சூப்பர் குளூ எடுத்த அத்தானின் கையைத் தட்டிவிட்டார். அந்த ஆவி பட்டால் பெயின்ட் மேல் வெள்ளை பூக்குமாம். ஒரு சொட்டு வார்னிஷே போதுமாம்.

"வாசல்ல உங்க பேரை எழுதலையா ஐயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குடியிருப்பது பிரிவு 17 நிலம். கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. நிலம்பூர் கோவிலகத்து நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்ள வந்த சட்டம். குத்தகை நிலங்கள் அதில் 17-ஆம் பிரிவுக்குள் போய், வழக்கு, மேல்முறையீடு என்று சிக்கிக்கொண்டன. அந்த மண்ணில் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு வருஷக்கணக்கில் கரன்ட்டும் இல்லை.

"பட்டாவுல பேரு வரட்டும், அப்புறம் வாசல்ல எழுதலாம்னு இருந்தேன்" என்றார். "கார்டுலயும் ஒரு எழுத்த மாத்திட்டாங்க. அம்பது வருஷமா அந்தப் பேருலதான் அரிசி வாங்குறேன்."

கூலி வாங்க மறுத்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கொஞ்சம் தயங்கிக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கடையில பெரிய தகடும் செய்வாங்களா?"

"செய்வாங்க ஐயா. எந்தப் பேரு போடணும்? கார்டுல இருக்கறதா?"

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். டீக்கடை பில்லின் பின்பக்கம், லாரிக்கு எழுதுகிற அதே தடித்த எழுத்தில் தன் பெயரை எழுதி, மேலே ஒரு புள்ளியை அழுத்தி வைத்தார்.

"இந்தப் புள்ளிய விட்டுடாம சொல்லுங்க. சிவப்பு நானே அடிச்சுக்கறேன்."