கடைசிக் கப்பல்

அண்டார்க்டிகாவுக்குக் கப்பலேற நான் திட்டமிட்டு வருகிறேன். காடாம்புலியூரானுக்கு ஏன் இந்த ஆசை என்று நண்பர்கள் நகைக்கிறார்கள். கையில் காசில்லை என்பது உண்மையே. திட்டமிடக் காசு வேண்டாமே!

சுற்றுலாக் கப்பல்கள் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே செல்கின்றன. பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் உசுவையா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, அலை ஓங்கும் டிரேக் கடலை ஏறத்தாழ இரண்டு நாட்களில் கடக்கின்றன. டிசம்பரில் சென்றால் பனி மாசற்றிருக்கும், பென்குவின்கள் அடைகாக்கும், இருட்டென்பதே இராது. மார்ச்சிலோ பகல் குறுகிவிடும். கரைப்பனி சேறாகிக் கிடக்கும். அடேலிப் பென்குவின்கள் பெரும்பாலும் கடலுக்குத் திரும்பியிருக்கும். ஆயினும் நான் மார்ச்சையே தேர்ந்தேன். கட்டணம் பெரும்பாலும் குறைவு என்பது ஒன்று. கடற்பனி விலகியிருப்பதால் கப்பல் இன்னும் தெற்கே செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வடக்கே கிளம்புமுன் வயிறார உண்ணத் திமிங்கிலங்கள் விரிகுடாக்களில் கூடியிருக்கும். பென்குவினை விடுங்கள், எனக்குத் திமிங்கிலம் போதும்.

ஆனால் அதிகம் பிந்தவும் கூடாது. 1981 டிசம்பர் 6இல் டாக்டர் காசிம் தலைமையில் கோவாவிலிருந்து புறப்பட்ட நம் நாட்டவர் 21 பேர், 1982 ஜனவரி 9இல் அங்கே கால்வைத்து, பிப்ரவரி 21இல் திரும்பிவிட்டனர். ஷாக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பலோ 1915இல், ஜனவரிக் கோடையிலேயே பனியில் சிறைப்பட்டு, நவம்பரில் மூழ்கியது.

என் இடையூறு வேறு. "பங்குனியில முந்திரிக்கொட்டை பொறுக்க யாரு இருக்கா?" என்கிறார் அம்மா. நியாயந்தான். கப்பற்பயணம் பத்து நாள், போகவரச் சில நாள். மாசி நடுவில் கிளம்பினால் பங்குனி பிறக்கும்போது தோப்பில் இருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினேன். அம்மா இன்னும் தலையசைக்கவில்லை.