காய்கிற வெயிலும் காயாத வெயிலும்

வேலூர்க்காரன் வெயிலைப் பற்றிப் புகார் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "உங்க ஊர்ல ரெண்டே சீசன்தானே, வெயில் காலம், கடும் வெயில் காலம்" என்று ஆபீஸில் கலாய்க்காத ஆளில்லை. அந்த ஊரிலிருந்து வந்து பதினோரு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் குப்பை கொட்டுகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இந்த ஊர்க் கோடை லேசுப்பட்டதில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

பிழைக்கப் போன ஊருக்கு வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்திருக்கும் நம்ம ஆட்கள் நிறைய. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, மும்பை என்று எல்லாமே ஈரக் காற்று வீசுகிற ஊர்கள். அவர்களுக்கும் உபயோகப்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். வயது 74. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். முதல் ஆறு மாசம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. பார்க்கப் பொறுக்காமல் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, வெள்ளாயணிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். பின்னால் நாலு சென்ட் மண். அவ்வளவுதான், மனிதர் எழுந்துவிட்டார். மாடியில் முப்பது க்ரோ பேக், கொல்லையில் வெண்டையும் பயறும், மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமஸ்ரீ ரகத்தில் ஆறு கோழி, மூங்கில் கழியில் தானே கட்டிய தூண்டில். பையனுக்கு ஸ்கூல் இல்லாத நாளில் தாத்தாவும் பேரனும் காயல் கரைக்குப் போய்விடுவார்கள்.

போன வருஷம் மார்ச் மாசம். காலை பதினோரு மணி இருக்கும். கோழிக் கூண்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரை என் மனைவிதான் பார்த்திருக்கிறாள். சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டும் போல நனைந்திருந்தது. "மாமா, என்ன செய்யுது?" என்று கேட்டதற்கு, "லைன் ஆஃப் பண்ணியாச்சா?" என்று திருப்பிக் கேட்டாராம். அவர் போஸ்டில் ஏறுவதை நிறுத்திப் பதினாறு வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் சோடியம் இறங்கிவிட்டது என்றார்கள். ரத்தக் கொதிப்புக்கு அவர் சாப்பிடும் மாத்திரையில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை. வேர்வையில் ஒரு பக்கம் உப்பு போக, மாத்திரையிலும் போயிருக்கிறது. வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு வெயில் எவ்வளவு தெரியுமா? 34 டிகிரி. அப்பாவுக்கு அதுதான் அவமானம். "34-க்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானாடா? நான் போஸ்ட் ஏறினது 42-ல!"

அவருக்குப் புரியவைக்க எனக்கு உதவியது எங்கள் வீட்டு மண்பானைதான். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பானை. "இந்த ஊர்ல பானைத் தண்ணி சில்லுனே ஆக மாட்டேங்குது, மண்ணு சரியில்ல" என்று அவரே அடிக்கடி அலுத்துக்கொள்வார். மண்ணில் ஒரு குறையும் இல்லை. பானையின் மேல் கசிகிற நீர் ஆவியாகப் போனால்தான் உள்ளே குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்? நம்ம உடம்பும் ஒரு பானைதான். வேர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது, வேர்வை காய வேண்டும். அமெரிக்க வானிலைத் துறையின் வெப்பக் குறியீட்டு அட்டவணைப்படி, ஈரப்பதம் 20 சதவீதம் இருந்தால் 40 டிகிரி உடம்புக்கு ஏறத்தாழ 40 ஆகவே தெரியும். ஈரப்பதம் 65 ஆனால் 34 டிகிரியே சுமார் 44 போலத் தெரியும். நம் வானிலைத் துறையும் வெப்ப அலைக்கு அளவுகோல் வைக்கும்போது சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 என்றும்தான் வைத்திருக்கிறது.

இன்னொரு விஷயம் காலண்டர். நமக்கு வெயில் என்றால் கத்திரி, அதாவது மே மாசம். அப்பாவும் "கத்திரி வரட்டும், அப்ப உள்ள இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே மார்ச்சும் ஏப்ரலும்தான் உச்சம். கத்திரி பிறக்கிற நேரத்தில் பெரும்பாலும் கோடை மழை இடித்துக்கொண்டு வந்துவிடும். 2025-ல் தென்மேற்குப் பருவமழையே மே 24-ல் வந்துவிட்டது. வேலூரை நினைத்துக்கொண்டு மே மாசத்துக்குக் காத்திருந்தால், ஆபத்தான இரண்டு மாசம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கோழிக் கதையும் இதேதான். கோழிக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது. உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்கு மேல். வாயைத் திறந்து இளைத்து, மூச்சு வழியாக ஈரத்தை வெளியே தள்ளித்தான் அது குளிர்ந்தாக வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் அப்பா கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டியிருந்தார். காய்ந்த ஊரில் அது அருமையான வைத்தியம். இங்கே உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்திலேயே ஒரு கோழி செத்துப்போனது. மீதி ஐந்தும் தோல் முட்டை மாதிரி மெல்லிய ஓட்டோடு முட்டையிட்டன. கால்நடை டாக்டர் காரணம் சொன்னார்: ஓயாமல் இளைக்கும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைந்துவிடும், முட்டை ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் அதோடு குறையும். சாக்கை அவிழ்த்துவிட்டு நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி கம்பி வலை அடிக்கச் சொன்னார். தகரக் கூரைக்கு மேல் தென்னை ஓலை, உள்ளே ஒரு சின்ன ஃபேன். தீனி விடிகாலையிலும் சாயங்காலமும் மட்டும், ஏனென்றால் செரிக்கிற வேலையே உடம்பில் சூட்டைக் கிளப்பும். நிழலில் தண்ணீர், இரண்டு மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கோழியும் சாகவில்லை. முட்டை ஓடும் பழையபடி ஆகிவிட்டது.

தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த பாடம், ஊருக்கு ஒத்துவருவதை வைக்க வேண்டும் என்பதுதான். தக்காளிப் பூவெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தது. ராத்திரியும் சூடு இறங்காத இடத்தில் தக்காளி பிஞ்சு பிடிக்காது. அதை ஆகஸ்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். வெண்டை, பயறு, சிவப்புச் சீரை (நம்ம தண்டுக்கீரைதான்) கோடைக்குத் தாங்குகின்றன. கோடை மழை விழுந்ததும் சிவப்புச் சீரையில் இலைக் கருகல் வரும். அதனால் நடுநடுவே பச்சைக் கீரை கோ-1 போடச் சொல்கிறார்கள், அதற்கு அந்த நோய் அவ்வளவாக வராது. பெயரிலேயே தெரியும், அது நம்ம கோயம்புத்தூர் ரகம். "பாத்தியா, நம்ம ஊர்க்காரன்தான் காவலுக்கு நிக்கிறான்" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. :-) மாடியில் நிழல்வலை, பைகளில் காய்ந்த இலை மூடாக்கு, காலையில் மட்டும் தண்ணீர். சாயங்காலம் இலையை நனைத்தால் ராத்திரியெல்லாம் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

மீன் விஷயத்தில் சண்டையே வரவில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, உச்சிப் பொழுதில் மீன் கரைப்பக்கம் வராமல் ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்விடும். இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளாயணிக் காயலில் சூரியன் ஏறுவதற்குள் இரண்டு ஜிலேபி கெண்டையோடு திரும்பிவிடுவார். கடற்கரைக்குத்தான் ஒரு கண்டிஷன். கோடையில் இந்தக் கரையில் காற்றே இல்லாத நாளில் அலை திடீரென்று ஏறும். இங்கே அதற்குப் பெயர் கள்ளக்கடல். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயலின் அலை, நாட்கள் கழித்துக் கள்ளன் மாதிரி வந்து சேரும். 2024 மார்ச் 31-ல் இந்தக் கரையோரத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அது இருக்கிற நாளில் சங்குமுகம் பக்கமே போவதில்லை.

சரி, பதினோரு மணிக்கு மனிதரை வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி? அதுதான் பெரிய பாடு. உள்ளே வாங்க என்று சொன்னால், உன் வேலை முடிந்தது போ என்று சொல்வது மாதிரி அவருக்குக் கேட்கிறது. மறுபடி டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவோமோ என்று எங்களுக்கும் பயம். கெஞ்சினோம், பேரனைத் தூது விட்டோம், ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு அரசாங்க உத்தரவு. கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நேரத்தை மாற்றி அமைக்கும். காலை 7 முதல் மாலை 7-க்குள் எட்டு மணி நேர வேலை, பகல் 12 முதல் 3 வரை கட்டாய ஓய்வு. 2025-ல் பிப்ரவரி 11-லேயே அமலுக்கு வந்தது. அதைப் படித்துக் காட்டினேன். வாழ்நாள் முழுக்க சர்க்குலருக்குக் கட்டுப்பட்டு வேலை பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் கேட்டார். "ஆர்டர்னா சரி. ஆனா வயசுக்கு ஒரு மணி நேரம் கன்செஷன் போட்டுக்கலாம்" என்று அவரே பதினோரு மணி என்று முடிவு செய்தார்.

இப்போது அவர் ஷிப்ட் இது: காலை ஐந்தரை முதல் ஒன்பதரை, சாயங்காலம் நாலரை முதல் இருட்டும்வரை. நடுவில் விதை பிரிப்பது, தூண்டில் முடிச்சு, தூக்கம். பதினோரு மணிக்கு டாக்டர் சொன்ன அளவில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ சம்பாரமோ (நம்ம நீர்மோர்தான், இஞ்சி கொஞ்சம் தூக்கல்). மாசி பிறப்பதற்கு முன்னால் டாக்டரிடம் போய் மாத்திரையைச் சரிபார்த்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை ஒருமுறை கேட்டுவிடுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வறண்ட ஊரில் தண்ணீரைக் கொண்டு வெயிலோடு மல்லுக்கட்டலாம். இங்கே நிழல், காற்று, கடிகாரம் இந்த மூன்றும்தான் ஆயுதம்.

அடுத்த மனையில் வீடு கட்டுகிறார்கள். வங்காளத்துப் பையன்கள். பன்னிரண்டு அடித்தால் அப்பா மதில்மேல் தலையை நீட்டி, தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பாஷையில், "தம்பிங்களா, டைம் ஆயி, ஆர்டர் உண்டு!" என்று சத்தம் போடுகிறார். மேஸ்திரி முறைக்கிறார். பையன்கள் சிரித்துக்கொண்டே கீழே இறங்கி, எங்கள் வீட்டு மோர்ச் சொம்புக்குக் கை நீட்டுகிறார்கள்.