புறப்படாத கடிதங்கள்

வடசேரி மாடியறையில், சந்தை இரைச்சலுக்கு நடுவே, நான் எழுதிய இணையச் செயலி அனுப்ப நினைத்த மின்னஞ்சல் யாருக்கும் போகாமல் உலாவியிலேயே ஒரு பக்கமாக விரிந்து நின்ற வைபவத்தை இன்று வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

“கடவுச்சொல்லை மாற்ற இங்கே அழுத்தவும்.”
அவ்வளவுதான் என் இலக்கியம்.
வீட்டில் சிரிக்கிறாங்க.

1951 வரை இந்தச் சீமையில் கடிதம் சுமந்த திருவிதாங்கூர் அஞ்சலில், சலங்கைக் கோலோடு ஓட்டக்காரன் புறப்பட்டுவிட்டால் எழுதியவன் கையில் பின்னர் எதுவுமில்லை. நமக்கோ, அனுப்புமுன் உலாவியில் பார்த்துக்கொள்ள, ரயன் பேட்ஸ் இயற்றிய லெட்டர் ஓப்பனர், 2014-இல் ரயில்ஸ் 4.1 தந்த மெயிலர் பிரிவியூ, 1025-ஆம் போர்ட்டில் கடிதத்தை வாங்கி 8025-இல் காட்டும் மெயில்பிட் என்று எத்தனையோ சௌகரியங்கள்.

ஆயினும் உலாவியின் தரிசனம் பூரண சத்தியமன்று. விண்டோஸின் பழைய அவுட்லுக், 2007 முதல் வேர்டின் கண்கொண்டே கடிதத்தைப் பார்ப்பதால், நாம் அழகாக நிறுத்திய பொத்தான் அங்கே விகாரமாகிவிடும். ஜிமெயிலோ சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டிய கடிதத்தின் வாலை நறுக்கிவிடும். யுடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற ஓரெழுத்துக்கே 3 பைட்டு, ‘கி’ என்றால் 6 என்றிருக்க, தமிழில் விஸ்தாரமாக எழுதுகிறவன் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்கவேண்டும்.

விஸ்தாரத்தை விட என்னால் ஆகாது.

அவுட்லுக்கை நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க, மக்கா?