இறங்கி வரும் எட்டுச் சுரங்கள்

மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரை ஒரு சுரத்தையும் விடாமல், எங்கும் வளையாமல், நேரே இறங்கி வருவதை இசையென்று ஏற்க நம்மவர் எளிதில் ஒப்பமாட்டார்கள். அது அவரோகணம், ராகத்தின் இலக்கணமேயன்றி ராகம் அன்று. பாட்டு வாத்தியார் திண்ணையில் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதற்குள் பிள்ளைகள் ஒப்பித்துவிட்டு ஓடும் பாடம் அது. அத்தகைய வெறும் இறங்கு வரிசையை வைத்துக்கொண்டு, கேட்பவர் நெஞ்சை உலுக்கிவிட்டார் ஒருவர். அவர் ரஷ்ய நாட்டு இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி. 1892 டிசம்பர் 18 அன்று பீட்டர்ஸ்பர்க் நகரின் மாரின்ஸ்கி அரங்கில் முதன்முதலாக ஆடப்பெற்ற ‘நட்கிராக்கர்’ என்னும் பாலே நாட்டியத்தின் இறுதியை ஒட்டி, ஆடவனும் பெண்ணும் இணைந்தாடும் ‘பா த தூ’ என்ற பகுதி வருகின்றது. நாம் பேசப்போவது அதன் மெல்நடைப் பகுதியைப் பற்றியே.

நட்கிராக்கர் என்பதைப் பாக்குவெட்டி என்று மொழிபெயர்க்கக் கை துடிக்கின்றது. ஆயினும் நம் வீட்டுப் பாக்குவெட்டிக்குக் கண்ணும் மீசையும் கிடையா. இதுவோ வாதுமை போன்ற கொட்டைகளை வாயில் வைத்து உடைக்கும் மரப் போர்வீரன். கிறிஸ்துமஸ் இரவில் ஒரு சிறுமிக்குப் பரிசாக வரும் அப்பொம்மை உயிர் பெறுகின்றது. எலிகளின் அரசனோடு போரிடுகின்றது. இளவரசனாகி அவளை மிட்டாய் நாட்டுக்கு அழைத்துச் செல்கின்றது. ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் எழுதிய கதை, பிரெஞ்சுக்காரர் டூமாவின் கைபட்டுச் சற்று இனிப்பேறி ரஷ்யாவை அடைந்தது. கதையாக எடுத்துக்கொண்டால் இதில் கண்ணீருக்கு இடமே இல்லை. நடன ஆசான் பெத்திபா, எந்த இடத்தில் எத்தனை தாளக்கட்டு வேண்டும் என்பதைக்கூட எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கட்டத்துக்குள் எழுதுவதற்குச் சைகோவ்ஸ்கி முதலில் பெரிதாக உற்சாகம் காட்டவில்லை. ஆணைப்படி கோப்பு எழுதும் எம்போன்றோர்க்கு அவர் நிலை நன்கு விளங்கும்.

1891 ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் பிரான்சு நாட்டின் ரூவான் நகரில் தங்கி இதனை எழுத முயன்றார். எழுத்து ஓடவில்லை. அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்க வேண்டுமென்று அரசு அரங்குகளின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அதே நாட்களில் அவருடைய தங்கை அலெக்சாந்திரா தாய்நாட்டில் காலமானார். அவருக்கு ஓரிரு வயதே இளையவர். கமென்கா என்னும் ஊரிலிருந்த அத்தங்கையின் வீடுதான் மணவாழ்வு அமையாத அவருக்குப் பல கோடைகளில் சொந்த வீடாக இருந்தது. தந்தி, பாரிசிலிருந்த தம்பி மாதெஸ்த்தின் கைக்கு வந்தது. அண்ணன் அமெரிக்காவுக்குக் கப்பலேறும் வேளையில் இதைச் சொல்லலாகாது என்று தம்பி மறைத்துவிட்டார். பின்னர்ப் பாரிசு திரும்பிய சைகோவ்ஸ்கி, ஒரு வாசகசாலையில் ரஷ்ய நாளிதழைப் புரட்டுகையில் தங்கையின் மறைவுச் செய்தியைக் கண்டார். சில நாட்களில் ஹாவர் துறைமுகத்தில் கப்பலேறினார். மே 5 ஆம் நாள், நியூயார்க்கில் இன்று கார்னகி மண்டபம் எனப்படும் புதிய அரங்கின் திறப்பு விழாவில் நின்று தம் இசையை நடத்தினார். திரும்பி வந்த பிறகே நட்கிராக்கரை எழுதி முடித்தார்.

ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இதில் விளக்கிச் சொல்ல என்ன இருக்கின்றது? மறைக்கப்பட்ட தந்தியும், ‘உடல்நிலை சரியில்லை, உடனே புறப்படு’ என்னும் பொய்யும், தாதர் நிலையத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறியதும் நம் சங்கத்தில் எந்த வீட்டுக்குப் புதிது?

எங்களுக்கும் ஒன்று நேர்ந்தது. எங்கள் மூத்த தமக்கையார் அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூரில் 2020 ஏப்ரல் மாதத்தில் காலமானார். பயணிகள் ரயில் ஒன்றும் ஓடாத நாட்கள் அவை. ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில் இரண்டு அறைகளுக்குள், அக்காள் மகன் பிடித்த கைப்பேசியின் வழியே இறுதிச் சடங்கைப் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்ற காலம் ஆகையால் தெருப் பெண்கள் வரவில்லை, ஒப்பாரி இல்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு மூதாட்டியின் குரல் உச்சத்தில் எழுந்து, படிப்படியாய்ச் சரிந்து, அடியில் வந்து உடையும். அப்போதுதான் வீட்டார் அழத் தொடங்குவர். அந்தக் குரல் எழவில்லை. எங்களுக்கு அழுகையும் வரவில்லை. மறுநாள் வரிசையில் நின்று அரிசியும் உப்பும் வாங்கி வந்தோம். இரண்டு ஆண்டுகள் அப்படியே சென்றன.

2022 ஆம் ஆண்டில் எங்கள் பிரிவு அதிகாரி, தாம் போக இயலாத ஓர் இசை நிகழ்ச்சிக்கான இரண்டு நுழைவுச்சீட்டுகளை எங்களிடம் தந்தார். இடம் நரிமன் முனையில் கடலோரம் நிற்கும் தேசிய நிகழ்கலை மையம். 2006 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய சிம்பொனி இசைக்குழுவுக்கும் அதுவே இல்லம். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழு என்றே நம்மில் பலருக்கு நினைவு வரும். இங்கே எழுபது எண்பது பேர் கறுப்புடை அணிந்து, இருமவும் அஞ்சி அமர்ந்திருக்கின்றனர். எங்களுக்கு மேல்மாடியில் பின்வரிசை. அங்கிருந்து பார்த்தால் வில்கள் எல்லாம் ஒருசேர மேலும் கீழும் போவது நாற்று நடுகிற கைகளைப் போல் தெரிந்தது.

நட்கிராக்கரிலிருந்து சைகோவ்ஸ்கியே தொகுத்த எட்டுப் பகுதிகள் உண்டு. நாட்டியம் மேடையேறுவதற்குப் பல மாதங்கள் முன்பே, 1892 மார்ச்சில், அவை கச்சேரியில் ஒலித்துப் புகழ் பெற்றுவிட்டன. அவற்றுள் இந்த இருவர் நடனம் இல்லை. ஆதலால் நிகழ்ச்சியில் இதனைத் தனியே சேர்த்தால்தான் கேட்கக் கிடைக்கும். அன்று சேர்த்திருந்தார்கள்.

முதலில் ஹார்ப் என்னும் பெருயாழ் அலையடித்தது. பிறகு செல்லோக்கள் மட்டும், ஆடவர் குரலின் கனத்தில், ஸ நி த ப ம க ரி ஸ என்று இறங்கின. அவ்வளவே. என் மனைவி காதருகே, “ஏங்க, இது சங்கராபரணம்லா?” என்றாள். சங்கராபரணமேதான், அவர்கள் மேஜர் என்று சொல்லும் வரிசை. முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயர் இசைக்குழுக்களின் மெட்டுகளைக் கேட்டு நோட்டு சுரச் சாகித்தியங்கள் இயற்றியபோது தேர்ந்ததும் இதே சுர வரிசையை ஒட்டித்தான். நமக்கு மங்கலமான, கம்பீரமான ராகம். அழுவதற்கு நாம் முகாரியைத் தேடுவோம், சங்கராபரணத்திடம் போகமாட்டோம்.

எனில் அது எப்படி அழவைக்கின்றது? எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்கின்றோம். சங்கீத விற்பன்னர்கள் பொறுத்தருள வேண்டும். நம் இசையில் ஸட்ஜம் தம்புராவில் அசையாமல் நிற்க, சுரம் கமகத்தால் அசைகின்றது. அங்கே சுரம் அசையாமல் நேரே நிற்க, அடியில் உள்ள நிலம் அசைகின்றது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கீழே ஒலிக்கும் சுரக்கூட்டு மாறுவதால், முன்பு ஆறுதலாய்க் கேட்ட அதே ‘ப’ அடுத்த முறை கேள்வியாய்க் கேட்கின்றது. படிக்கட்டு ஒன்றே, இறங்குபவர் நிலைதான் வேறு. மரக்குழல்கள் இடையிடையே ஏதோ சொல்லித் தேற்றப் பார்க்கின்றன. நடுவில் இசை துயரச் சாயல் கொண்டு தேடி அலைகின்றது. பின்பு வயலின்கள் எல்லாம் சேர்ந்து அந்த வரிசையைத் தொடங்குகின்றன. இறுதியில் டிரம்பெட்டும் டிராம்போனும் உச்சக் குரலில் அதையே முழங்குகின்றன. ஐந்து நிமிடத்துக்குள் இத்தனையும் நடந்துவிடுகின்றது. ஒலி ஏறிக்கொண்டே போகின்றது, மெட்டு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கின்றது. இந்த முரணில்தான் அதன் வலிமை இருக்கின்றது என்று நினைக்கின்றோம்.

ரஷ்யத் திருச்சபையின் இறுதிச் சடங்குப் பாடலின் சந்தம் இதில் ஒளிந்திருப்பதாகவும், மிட்டாய் நாட்டுத் தேவதையின் உருவில் சைகோவ்ஸ்கி தங்கையையே நினைத்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுவதுண்டு. இது ஊகமே, அவர் கைப்பட எழுதிய சான்று என்று எதையும் இதற்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த ஊகம் இல்லாமலும் அவ்விசை நிற்கும்.

நாட்டிய மேடையில் இதே நேரத்தில் நடனமணி வெள்ளுடையில் புன்னகை செய்துகொண்டிருப்பாள். இளவரசன் அவளைத் தோளுக்கு மேலே தூக்குவான், சபை கைதட்டும். இசைக்குழு மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் மறைந்திருக்கும். நடத்துநர் நடனமணியின் மூச்சைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பின்னர்க் குறுந்தட்டில் அதனைப் பார்த்தபோது கண் மேலே போயிற்று, காது அதைத் தொடர்ந்தது. கச்சேரியிலோ மிட்டாயும் இல்லை, தேவதையும் இல்லை, புன்னகையும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் கிடையாத இடத்தில் காது தனியே அந்தப் படிக்கட்டின் முன் நிற்கின்றது. நாட்டியத்துக்கென்று எழுதிய இசையை நாட்டியம் இன்றிக் கேட்பது குறை என்பார் உளர். இந்த ஒரு பகுதியைப் பொறுத்தவரை அதற்கு நாங்கள் உடன்படமாட்டோம்.

டிராம்போன்கள் இறங்கி வந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே நினைவுதான். “மதினிக்கு யாரும் பாடலையே” என்றாள் அவள். இரண்டு ஆண்டுகளாக வராதது அந்த மேல்மாடியில் வந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த பார்சி முதியவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேளாமல் தம் கைக்குட்டையை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

கைதட்டல் அடங்கியதும் அடுத்துத் தேவதையின் தனி நடனம். செலஸ்டா என்னும் கருவி சிறு மணிகளைப் போல் கிணுகிணுத்தது. கீழ்வரிசைகளில் குழந்தைகள் அதை அடையாளம் கண்டு இருக்கையில் எழுந்து நின்றனர். புதிதாய் வந்திருந்த அக்கருவியைச் சைகோவ்ஸ்கி கண்டு மயங்கியதும் அதே 1891 ஆம் ஆண்டில், அதே பாரிசில்தான். மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்ளாதிருக்க, அதை வரவழைப்பதை இரகசியமாய் வைத்திருக்கும்படி தம் பதிப்பாளருக்கு எழுதினார்.