பேசாத சுண்டெலி நடத்தும் ஜெர்மன் பாடம்

மைசூரு வந்து ஆறு வருஷம் ஆச்சு. கன்னடம் எனக்குப் புத்தகத்தால வரலை. தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகைச் சரத்தைத் தொட்டுக்கிட்டே "எஷ்டு?"ன்னு கேட்டதால வந்தது. பொருள் கண்ணெதிரே இருந்தா சொல் தானா ஒட்டிக்கும்.

இப்ப வீட்டில் ஜெர்மன் நடக்குது. தங்கமணி நர்ஸ். ஜெர்மனி ஆஸ்பத்திரி வேலைக்கு பி2 வரைக்கும் தேறணும். டியூட்டி முடிஞ்சு வந்து இலக்கண அட்டவணையோட மல்லுக்கட்டினா கண்ணு சொக்குது. பார்த்துக்கிட்டே கத்துக்க ஜெர்மனுக்கு மைசூருல மார்க்கெட் ஏது? தேடினதில் சிக்கினது, சின்னப் பசங்களுக்கான கோக்குமாக்கான அறிவியல் வீடியோக்கள்!

முதல்ல 'டி செண்டுங் மிட் டெர் மவுஸ்'. சுண்டெலியோட வர்ற நிகழ்ச்சின்னு அர்த்தம். டபிள்யூ.டி.ஆர். தொலைக்காட்சி 1971-ல் ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது. ஆரஞ்சு கலர் எலி ஒரு வார்த்தை பேசாது. கண்ணைக் கொட்டினா 'டக் டக்'னு சத்தம் மட்டும் வரும் :-) நடுவில் குட்டிப் படங்கள் வரும். பற்பசைக்குள்ள கலர் கோடு எப்படி வந்தது மாதிரி கேள்விகள். அர்மின் மைவால்ட் குரல் கொடுத்த படங்களைத் தேடிப் பாருங்க. சின்னச் சின்ன வாக்கியம். சொல்றதைக் கையோட காட்டுவாங்க.

அடுத்தது 1981-ல் தொடங்கின 'லோவன்சான்'. நேர் அர்த்தம் சிங்கப்பல், ஆனா அது ஒரு செடியோட பேர். நீல வண்டியையே வீடாக்கிக்கிட்ட பீட்டர் லுஸ்டிக் (2016-ல் காலமானார்), கடைசியில் பசங்களைப் பார்த்து டிவியை அணைக்கச் சொல்லிடுவார். 'அப்ஷால்டன்'ங்கற வார்த்தையைத் தங்கமணி கத்துக்கிட்டது அப்படித்தான். இப்ப அதை என் மேல பிரயோகிக்கறாங்க.

நமக்கு ஒரு லாபமும் உண்டு. 'வைல்'னு காரணம் சொல்ற வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போயிடும், நம்ம தமிழ் மாதிரியே. இங்கிலீஷ் வழியா சுத்தி வராதீங்க.

பொண்ணுக்கு வேற கவலை. மூணாம் கிளாஸ் படிக்கறா. கன்னடத்தில் சண்டை போடற அளவுக்கு இப்பத்தான் தேறியிருக்கா. "அங்க போனா மறுபடியும் ஊமையா உட்காரணுமாப்பா?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்லை.

ஆனா அந்த எலி நிகழ்ச்சியில ஒரு பழக்கம் உண்டு. இன்னிக்கு என்னென்ன பார்க்கப் போறோம்னு முதல்ல ஜெர்மனில் சொல்வாங்க. அப்புறம் அதையே வேறொரு மொழியில் சொல்லிட்டு, அது எந்த மொழின்னு சொல்வாங்க. 1970-களில் துருக்கி, இத்தாலி, ஸ்பெயின்லேர்ந்து வேலைக்கு வந்தவங்களோட குழந்தைகளை நினைச்சு வந்த வழக்கம். அந்தக் கொஞ்ச நேரம் துருக்கிக் குழந்தைக்கு எல்லாம் புரியும். பக்கத்து வீட்டு ஜெர்மன் குழந்தை முழிக்கும்!

இதைப் பொண்ணுகிட்ட சொன்னேன். கவலை போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்பல்லாம் அந்த இரண்டாவது மொழி எதுன்னு என்கூட பந்தயம் கட்டறா. தமிழ்ல எப்ப சொல்வாங்கன்னும் கேட்டு வெச்சிருக்கா.

கொசுறு: முதல் தடவை சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க. நடக்கறதைக் குழந்தையைத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. அப்புறம் சத்தத்தோட பாருங்க. ஜெர்மனும் வரும், தமிழும் தங்கும்.