நூறு மீற்றர் எப்போதும் நூறு மீற்றர் இல்லை

கண்டியைச் சுற்றி மலைப்பக்கம் இருக்கிறவர்களிடம் தூரம் கேட்டுப் பாருங்கள். மீற்றரில் பதில் வராது. "ரெண்டு முடக்கு தாண்டணும்", "கூப்பிட்டா கேக்குற தூரந்தான்", "எறங்கி ஏறணும்" என்றுதான் வரும். எதிர்மலையில் துணி காய்வது கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆகும். இங்கே தூரம் என்பது கால் சொல்வது ஒன்று, கண் சொல்வது இன்னொன்று.

தெல்தோட்டைப் பக்கம் மரக்கறி செய்யும் அண்ணன் ஒருவர் போன வருடக் கடைசியில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, வேட்டைக்காரவுங்க கண்ணுல வச்சிப் பாக்குற மெசின் ஒன்னு இருக்காமே, தூரம் சொல்லுமாம். அதுல எத வாங்குறது?" போஞ்சிப் பாத்தி ஒன்றை ஒரே இரவில் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருந்தது. பக்கத்துக் காணிக்காரரிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருக்கிறது. காவலுக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள்.

எங்கள் குழுவில் யாரும் வேட்டைக்காரர் இல்லை. பறவை பார்க்கிறவர்கள் இரண்டு பேர், கமராப் பைத்தியங்கள் மூன்று பேர், கணக்கு படித்தவர் ஒருவர். ஆனாலும் கேட்டவர் அண்ணன். அதனால் உட்கார்ந்து தேடினோம், இரவல் வாங்கிப் பார்த்தோம், சரிவில் நின்று அளந்தோம். எங்களுக்கு விளங்கியது இதுதான்.

ரேஞ்ச்ஃபைண்டர் வேலை செய்யும் விதம் லேசானது. பொத்தானை அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி போகும், பட்ட இடத்தில் தெறித்துத் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்குப் போடும். 150 மீற்றரில் இருக்கும் மரத்தில் பட்டுத் திரும்ப ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். பெட்டியில் "1000" என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஒளியை நன்றாகத் திருப்பும் பலகைக்கு. மரத்துக்குக் குறையும், ரோமமுள்ள மிருகத்துக்கு இன்னும் குறையும். அது மீற்றரா யாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

தட்டையான நிலமென்றால் கதை இதோடு முடிந்தது. சரிவில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

கருவி அளப்பது நம் கண்ணிலிருந்து இலக்குவரை நேராகக் கயிறு கட்டினால் வரும் நீளம். ஆனால் ரைபிள் குண்டு வழியில் எவ்வளவு கீழே விழும் என்பது கிடையாக எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்தது. ஏன் என்று விளங்க ஒரு உதாரணம்: கிணற்றுக்குள் நேர் கீழே சுட்டால் குண்டு ஒரு பக்கமும் வளையாது, நேரே போகும். கிடைத்தூரம் அங்கே பூச்சியம். 30 பாகைச் சரிவில் கருவி 100 மீற்றர் என்றால் கிடைத்தூரம் ஏறத்தாழ 87 மீற்றர். 40 பாகையில் 77. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் இதே கணக்குத்தான். அதனால்தான் மலையில் சுடுகிறவர்களின் குண்டு இரண்டு பக்கமும் குறிக்கு மேலே போகிறது. .308 ரகத்து ரைபிளில் 300 மீற்றருக்கு 30 பாகைச் சரிவைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் வித்தியாசம் சுமார் அரை அடி வரும். சாக வேண்டிய மிருகம் காயத்தோடு ஓடுவதற்கு அது போதும்.

ஆகவே மலைநாட்டு வேட்டைக்குக் கருவி எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கோணத்தைக் கணக்கில் எடுக்கிறதா என்பதை. புஷ்னெல் கம்பனி அதை ஏ.ஆர்.சி. என்கிறது, லியூபோல்ட் டி.பி.ஆர். என்கிறது. நேர்த்தூரம், பாகை, திருத்திய தூரம் மூன்றையும் காட்டும் கருவிதான் நல்லது. திருத்திய எண்ணை மட்டும் காட்டினால், பிறகு வேறு வேலைக்கு அந்தக் கருவி உதவாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பாதி கோல்ஃப் விளையாட்டுக்குச் செய்தவை. திகன விக்டோரியா மைதானம் போல மேடும் பள்ளமுமான இடங்களில் அவை நன்றாக உதவும். அவற்றிலும் "ஸ்லோப்" என்று போட்டிருக்கும். ஆனால் கோல்ஃப் கணக்கு வேறு. மேட்டை நோக்கி அடிக்கும் பந்து முன்னதாகவே தரையில் முட்டிவிடும் என்பதால் அந்தக் கருவி தூரத்தைக் கூட்டிக் காட்டும். வேட்டைக் கருவி அதே மேட்டுக்குக் குறைத்துக் காட்டும். ஒரே சரிவு, ஒரே சொல், எதிர் எதிரான இரண்டு விடை. இன்னொன்று, கோல்ஃப் கருவி கிட்ட இருக்கும் கொடியைப் பிடிக்கப் பழக்கப்பட்டது. நம் பக்கத்தில் கண்ணுக்கும் இலக்குக்கும் நடுவில் எப்போதும் ஒரு கொய்யாக் கிளை, ஒரு மானாப்புல் இருக்கும். கிட்டத்தில் பட்டதை விட்டுவிட்டுத் தூரத்தில் பட்டதைச் சொல்லும் வசதி இல்லாவிட்டால், கருவி அந்தக் கிளையின் தூரத்தைத்தான் சொல்லும்.

மிச்சம் சின்ன விசயங்கள். மூடுபனியில் லேசர் நீர்த்துளியில் பட்டே திரும்பிவிடும், எந்த விலைக் கருவியும் அங்கே தடுமாறும். கறுப்பு எழுத்துத் திரை பொழுது சாய்ந்தால் தெரியாது, சிவப்பு எழுத்து தெரியும். பற்றரி ஊர்க் கடையில் கிடைக்கும் ரகமா என்று வாங்குமுன் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் எங்கள் கணக்குக்காரி ஒரு கேள்வி கேட்டாள். "அது சரி, அவங்ககிட்ட இருக்கிறது என்ன துவக்கு?"

பன்னிரண்டு போர். நம் நாட்டில் பயிர்க் காவலுக்கு அனுமதி எடுத்து வைத்திருக்கும் துவக்கு பெரும்பாலும் அதுதான். ரைபிள் இல்லை. அதன் நம்பகமான தூரமே 40 மீற்றர் அளவுதான். 40 மீற்றரில் 30 பாகைச் சரிவு தரும் வித்தியாசம் ஐந்து மீற்றர். அந்த ஐந்து மீற்றரில் குண்டு விழும் அளவு கணக்கில் எடுக்கிற அளவே இல்லை. அப்போ கோணத் திருத்தத்துக்காக அண்ணன் பணம் கொட்டத் தேவையில்லை. அவருக்கு அந்தக் கருவி சொல்லக்கூடிய ஒரே பயனுள்ள சேதி: "தூரம் கூட, சுடாதே."

அதைக்கூட அது முழுதாகச் சொல்லாது. இலக்கு 38 மீற்றர் என்று சொல்லும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லாது. வெளிநாட்டுக் காணொளிகளில் வேட்டைக்காரர் நிற்கும் மலையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லை. நம் மலை அப்படியா? மேல் கணக்கில் கொழுந்து எடுக்கிறார்கள், நடுவில் மரக்கறிப் பாத்தி, கீழே லயம், அதற்குக் கீழே றோட்டு. விடியற்காலை பால் கொண்டுபோகிறவர், விறகுக்குப் போகிறவர், குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். எஸ்.ஜி. தோட்டாவின் ஈயக்குண்டு சில நூறு மீற்றர் போகும். ரைபிள் குண்டு மூன்று கிலோமீற்றருக்கு மேலும் போகும். மேல்நோக்கிச் சுடும்போது பின்னால் மண் இல்லாமல் வானம் இருந்தால் அந்தக் குண்டு அடுத்த பள்ளத்தாக்கில் யாருடைய கூரையில் விழும் என்று எந்த லேசரும் சொல்லாது.

இந்த மலைகளில் துவக்கோடு நடந்தவர்களின் கதை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. 1840களில் நுவரெலியாவில் வந்து குடியிருந்த சாமுவேல் பேக்கர் தன் வேட்டைகளை 1854இல் புத்தகமாகவே போட்டார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள். கடைசியில் மிருகம் குறைந்து போவதைப் பார்த்து 1894இல் பாதுகாப்புச் சங்கம் அமைத்தவர்களும் தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரருந்தான். துரைமாரின் வேட்டைக்கதைகளில் மலை ஆளில்லாத இடமாகவே வரும். அதே மலையில் எங்கள் பூட்டன் பூட்டி கோப்பி பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்று நாம் கருவி தெரிவு செய்தால், குறிக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள் நமக்கும் தெரியாமல் போவார்கள்.

"அப்ப பன்னி தின்னட்டும்னு விட்டுறவா?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. கடன் வாங்கி விதை போட்டவருக்கு இயற்கையைப் பற்றிப் பாடம் எடுக்க நாங்கள் யார்? துவக்கு இல்லாதவர்கள் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள், கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். சுருக்குக்கு பன்றி எது, புலி எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்துத் தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தது ஞாபகம் இருக்கும். கட்டுத்துவக்குக்கு மனிதர் எது என்றும் தெரியாது.

எங்கள் யோசனை வேலி. கருவி அங்கேதான் உண்மையாக உதவியது. காணி உறுதியில் இருக்கும் நீளம் கிடைத்தூரம், நில அளவை அப்படித்தான். கம்பி கட்டுகிறவருக்குத் தேவை சரிவின் நீளம். வரைபடத்தில் 60 மீற்றர் என்று இருக்கும் பக்கம் 30 பாகைச் சரிவில் 69 மீற்றர். இரண்டு பக்கத்துக்கு மூன்று வரி கம்பி என்றால் 360 மீற்றர் என்று வாங்கப்போகிறவருக்கு 56 மீற்றர் பற்றாது. நேர்த்தூரத்தையும் காட்டும் கருவி என்பதால் மேல் மூலையில் நின்று கீழ் மூலைக் கம்பத்தை அளந்தோம். பத்து நிமிச வேலை.

இரண்டாவது, எண்ணிக்கை. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிசம் நாடு முழுக்கக் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எண்ணச் சொன்னார்கள். அவரவர் காணியில் கண்டதை எழுதினால் ஒரே கூட்டத்தை இரண்டு பேர் எண்ணலாம், மரத்துக்குப் பின்னால் இருப்பது விடுபடலாம். ஆய்வாளர்கள் வேறு விதமாகச் செய்வார்கள். ஒரு நேர்கோட்டில் நடந்து, கண்ட ஒவ்வொரு மிருகமும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளப்பார்கள். தள்ளிப் போகப் போகக் கண்ணுக்குத் தப்புவது கூடும். அந்தக் கணக்கிலிருந்து பார்க்காததையும் மதிப்பிடுவார்கள். அந்த வேலைக்கு வேண்டிய கருவியும் இதேதான். எத்தனை, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் குரங்குப் பிரச்சினைக்கு யார் தீர்வு சொன்னாலும் அது ஊகந்தான்.

அண்ணனுக்கு நாங்கள் கடைசியில் சொன்னது இவ்வளவுதான். தனியாக வாங்க வேண்டாம். பத்துக் காணிக்காரர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். நேர்த்தூரம், பாகை, கிடைத்தூரம் மூன்றும் காட்டட்டும், கிளைக்கு அப்பால் பார்க்கட்டும், விலை கூடியது தேவையில்லை. வேலி அளக்க நேர்த்தூரத்தைப் பாருங்கள். உறுதியோடு ஒப்பிடக் கிடைத்தூரத்தைப் பாருங்கள். துவக்கைத் தூக்கும் நேரம் வந்தால் கருவியைக் கீழே வைத்துவிட்டு, குறிக்குப் பின்னால் யார் வீடு என்று பாருங்கள்.

"ஒரு மெசினுக்கு இத்தன பேச்சா?" என்று சிரித்தார். கம்பிக்கு ஓடர் கொடுத்துவிட்டார். பத்துப் பேரில் ஏழு பேர் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.