72 மணி நேரம்

ஜனவரி 22, 2020, புதன்

கிழக்கு லண்டன் எக்செல் அரங்கில் பெட் கல்விக் கண்காட்சி இன்று தொடங்கியது. சனிக்கிழமை வரை நடக்கும். 1985இல் பள்ளிக் கணினிகளுக்காகத் தொடங்கிய கண்காட்சி இது. இதை ஒட்டியே பெட் விருதுகளும் வழங்கப்படுகின்றன. கல்வித் தொழில்நுட்பத்துக்குப் பெட் விருது என்றால், வகுப்பறைப் பொருட்களுக்கும் அவற்றைச் செய்பவர்களுக்கும் கல்வி வளங்கள் விருது என்று இன்னொன்று உண்டு. இரண்டிலும் பெசா எனப்படும் பிரிட்டிஷ் கல்விப் பொருள் வழங்குநர் சங்கத்துக்குப் பங்குண்டு. சங்கத்துக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தொடங்கிய ஆண்டு 1933.

இப்படியொரு விருது எதற்கு என்பது இங்கிலாந்துப் பள்ளிகள் பொருள் வாங்கும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடநூல் என்று அரசு விதிப்பதில்லை. சுமார் 24,000 பள்ளிகள். எதை வாங்குவது, எதை விடுவது என்பதைத் தங்களுக்குக் கிடைத்த நிதிக்குள் பள்ளிகளே முடிவு செய்கின்றன. தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்க்க நேரம் கிடையாது. விற்பவர் பேச்சை மட்டும் நம்பிப் பணம் போடவும் முடியாது. வகுப்பறையில் பழகியவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து, விண்ணப்பங்களைச் சலித்து, இறுதிப் பட்டியல் போட்டு, விருந்து இரவில் பெயரை அறிவிக்கும்போது அந்த முத்திரைக்கு ஒரு மதிப்பு வருகிறது. நான்கைந்து பேர் மட்டும் வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டைத் தாண்ட அதுவே கைகொடுக்கும்.

மார்ச் 18, புதன்

கொரோனா பரவலால் வெள்ளி மாலையோடு பள்ளிகள் மூடப்படும் என்று கல்வி அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். கோடைத் தேர்வுகளும் இல்லை. பள்ளியை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு வாசல் அடைபட இன்னும் இரண்டே நாள்.

மார்ச் 20

மூடியாயிற்று. அத்தியாவசியப் பணியாளர்களின் குழந்தைகளுக்கும் சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கும் மட்டும் கதவு திறந்திருக்கும்.

ஏப்ரல் 3, வெள்ளி

எக்செல் அரங்கு இன்று நைட்டிங்கேல் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. ஒன்பது நாளில் எழுப்பினார்கள். தேவைப்பட்டால் 4,000 படுக்கைகள் வரை போட முடியுமாம். ஜனவரியில் கடைகடையாக ஆசிரியர்கள் நடந்த அதே தரையில் இப்போது வரிசை வரிசையாக ஆக்சிஜன் குழாய்கள்.

ஏப்ரல் 20, திங்கள்

ஓக் தேசியக் கல்விக்கழகம் இணையத்தில் பாடங்களைத் தொடங்கியது. சுமார் 40 ஆசிரியர்கள் இரண்டு வாரத்துக்குள் உருவாக்கியது. முதல் வாரத்துக்கே 180 பாடங்கள். பிபிசியும் இன்றிலிருந்து நாள்தோறும் பாட நிகழ்ச்சிகள் தருகிறது. வழங்குநர்கள் பலரும் தங்கள் மென்பொருளைக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள். மனம் நிறைகிறது. ஆனால் இலவசமாகத் திறந்த கதவுக்குள் நுழையவும் வீட்டில் ஒரு கணினி வேண்டும்.

மே 1

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கு வெளிவந்தது. கொரோனா இறப்பு விகிதத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் முதலிடம் நியூஹாம். லட்சம் பேருக்கு 144.3. எக்செல் இருப்பது நியூஹாமில். தமிழ்க் கடைகள் வரிசையாக நிற்கும் ஈஸ்ட் ஹாமும் அங்கேதான்.

ஜூன் 1

தொடக்கப் பள்ளிகளில் சில வகுப்புகள் மட்டும் திரும்பின. துணிப் பொம்மைகள் இனி வகுப்பறைக்கு ஆகாது.

ஜூலை 2, வியாழன்

செப்டம்பரில் எல்லாக் குழந்தைகளும் திரும்புவதற்கான வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஒரு குழுவின் குழந்தைகள் தொட்ட பொருளை அடுத்த குழுவுக்குக் கொடுக்கும் முன் நன்றாகத் துடைக்க வேண்டும்; அல்லது 48 மணி நேரம் யாரும் தொடாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் 72.

இந்த 72 மணி நேரம் எதன் மேல் விழுகிறது என்பதைக் குசினேர் கோல்களை வைத்துப் பார்க்கலாம். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கியவை. 1950களில் கணிதக் கல்வியாளர் காலேப் கட்டேக்னோ வழியாக இங்கிலாந்துக்கு வந்தன. முதலில் மரத்தால் செய்தார்கள். இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகின்றன. பத்து நீளம், பத்து நிறம். வெள்ளை ஒரு சென்டிமீட்டர், ஆரஞ்சு பத்து. குழந்தை ஓர் ஆரஞ்சுக் கோலை மேசையில் படுக்க வைக்கிறது. அதன் பக்கத்தில் மஞ்சள் ஒன்றை ஒட்டி வைக்கிறது, பாதிதான் வருகிறது. இன்னொரு மஞ்சளைத் தேடி எடுத்து முனையோடு முனை சேர்க்கிறது. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறது. சரியாக இருக்கிறது. ஐந்தும் ஐந்தும் பத்து என்று யாரும் சொல்லாமலே அந்த விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. இதே படத்தைத் திரையில் காட்டலாம். ஓரத்தைத் தடவ முடியாது.

ஒரு பெட்டியை நான்கு வகுப்புகள் மாற்றி மாற்றி எடுத்த பள்ளியில், திங்களன்று ஒரு குழு பயன்படுத்தினால் அடுத்த குழுவுக்கு வியாழன்தான். கூடுதல் பெட்டி வாங்கப் பணம் வேண்டும்; ஒவ்வொரு கோலாகத் துடைக்க ஆள் வேண்டும்.

ஜனவரி 4, 2021, திங்கள்

விடுமுறை முடிந்து பல தொடக்கப் பள்ளிகள் இன்று காலை திறந்தன. நாளையிலிருந்து மீண்டும் மூடல் என்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்தார். ஒரே நாள்.

ஜனவரி 11

எக்செலில் இந்த ஜனவரியில் பெட் இல்லை. இன்று அது தடுப்பூசி மையம்.

தேதி குறிக்கவில்லை

மடிக்கணினியோ மேசைக் கணினியோ டேப்லெட்டோ வீட்டில் இல்லாத குழந்தைகள் பிரிட்டனில் 11.4 லட்சம் முதல் 17.8 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆஃப்காம் மதிப்பீடு. மிகக் கவனமாகச் செய்த மென்பொருளும் இந்த வீடுகளின் வாசலில் நின்றுவிடுகிறது. செய்தவர் குறையென்று சொல்ல முடியாது. ஆனாலும் விருது மதிப்பிடும் சிறப்பு என்ற சொல்லுக்குள் இந்தக் கணக்கும் வர வேண்டும்.

மார்ச் 8

எல்லா வகுப்புகளுக்கும் பள்ளி.

மார்ச் 23, 2022, புதன்

பெட் எக்செலுக்குத் திரும்பியது. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளி, மூன்று நாள். விருதுகளுக்கு நடுவர்களாக உட்காரும் ஆசிரியர்கள் விண்ணப்பத் தாளில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: பள்ளி மூடிக் கிடந்த நாட்களில் இந்தப் பொருள் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது?

நவம்பர் 2022

ஓக், செப்டம்பரில் அரசு சார்ந்த அமைப்பானது. மூன்றாண்டுக்கு 4.3 கோடி பவுண்டு வரை நிதி. அரசே பாடங்களை இலவசமாகத் தந்தால் பள்ளிகளின் தெரிவு சுருங்கும், தொழில் நிலைக்காது என்பது வழங்குநர்களின் வாதம். ஆசிரியர்கள் நெருக்கடியில் உருவாக்கிய பாடங்கள் குழந்தைகளுக்கு இலவசமாகவே கிடைக்கட்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. பெசா, பதிப்பாளர் சங்கம், எழுத்தாளர் சங்கம் மூன்றும் சேர்ந்து நீதிமன்ற மறுஆய்வு கேட்டிருக்கின்றன. தீர்ப்பு வரவில்லை.